பி.ஏ. ஃபிலாசஃபி முடிக்க என்னென்ன பாஸ் பண்ணணும்? தங்கச்சிக்காக கேக்குறேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவில்பட்டி_அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் +2 முடிச்சிருக்கா, காமர்ஸ் குரூப், மார்க்கும் நல்லாவே வந்திருக்கு. பி.காம் தான் சேருவான்னு வீட்ல எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம், ஆனா அவ பி.ஏ. ஃபிலாசஃபிதான் படிப்பேன்னு ஒரே பிடியா நிக்கிறா. அப்பா கேக்குற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் டிப்ளமோ முடிச்சிட்டு வேலைக்குப் போனவன், ஆர்ட்ஸ் காலேஜ் நடைமுறை எதுவும் தெரியாது. காமர்ஸ் குரூப் படிச்சா சேர முடியுமா, மூணு வருஷத்துல எதையெல்லாம் பாஸ் பண்ணா டிகிரி கைக்கு வரும், சமஸ்கிருதம் தெரிஞ்சிருக்கணுமா, பாதியில மாட்டிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா, இதெல்லாம் தெரியணும். எங்க பக்கம் இந்த கோர்ஸ் இருக்குற காலேஜ் கிடைக்கல, சென்னைக்குத்தான் அனுப்பணும் போல. ஹாஸ்டல் செலவு பண்ணி அனுப்புறதுக்கு முன்னாடி முழு விவரமும் கையில இருக்கணும்னு பாக்குறேன்.

மயிலை_வாசகி:
தம்பி, சந்தோஷமா இருக்கு இந்த கேள்விய பாக்க. நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு கீழ ஒரு காலேஜ்ல இதே பி.ஏ. முடிச்சேன். +2ல எந்த குரூப்பா இருந்தாலும் சேரலாம், காமர்ஸ் ஒரு தடையே இல்ல.

டிகிரிக்கு மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பரும் பாஸ் பண்ணா கிடைக்கிற புள்ளி) சேரணும். அது அஞ்சு பார்ட்டா பிரிஞ்சிருக்கும். பார்ட் 1 தமிழ் இல்லன்னா வேற மொழி, 12 கிரெடிட். பார்ட் 2 இங்கிலீஷ், அதுவும் 12. பார்ட் 3 தான் நம்ம மேஜர், கோர் பேப்பர், அலைடு (துணைப் பாடம்), எலெக்டிவ் (நாமளே தேர்ந்தெடுக்குறது) எல்லாம் அதுக்குள்ள, எங்க பேட்ச்ல 95 கிரெடிட். பார்ட் 4ல சுற்றுச்சூழல் கல்வி, வேல்யூ எஜுகேஷன், சாஃப்ட் ஸ்கில்ஸ், நான் மேஜர் எலெக்டிவ்னு 20. பார்ட் 5 என்எஸ்எஸ், என்சிசி மாதிரி எக்ஸ்டென்ஷன் ஆக்டிவிட்டி, 1 கிரெடிட். இப்ப சிலபஸ் மாத்தினதுல 3க்கும் 4க்கும் நடுவுல கொஞ்சம் முன்ன பின்ன ஆயிருக்கும், மொத்தம் 140 மாறல.

பாதியில மாட்டிக்கிறது பத்தி கேட்டீங்கல்ல, நான் பாத்த வரைக்கும் யாரும் பிளேட்டோலயும் சங்கரர்லயும் மாட்டல. மாட்டினவங்க எல்லாம் பார்ட் 2 இங்கிலீஷ்லயும் பார்ட் 4லயும்தான். என் கூட படிச்ச ஒருத்தி மேஜர்ல எல்லா பேப்பர்லயும் 70க்கு மேல எடுத்தவ, ரெண்டாம் வருஷ இங்கிலீஷ் அரியர் ஒண்ணு இழுத்துக்கிட்டே போனதால அந்த வருஷம் எம்.ஏ. சேர முடியாம போச்சு. அஞ்சு பார்ட்டும் முழுசா பாஸ் ஆனாத்தான் ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டே குடுப்பாங்க.

நேர்வழி_ராசா:
அக்கா சொல்றது சரிதான் ஆனா தேவையில்லாம பயமுறுத்த வேணாம். கிளாஸ் போடுறது பார்ட் 3 மார்க்க வச்சுத்தான். பர்ஸ்ட் கிளாஸ் வேணும்னா மேஜர்ல 60 பர்சன்ட், அவ்ளோதான். மத்ததெல்லாம் 40 எடுத்தா போதும், அதுல போய் நேரத்த செலவு பண்றதுக்கு பதிலா மேஜர்ல உக்காந்து படிக்கச் சொல்லுங்க.

மயிலை_வாசகி:
ராசா, "40 எடுத்தா போதும்"னு நீங்க சொல்ற அந்த 40ல தான் விஷயமே இருக்கு. ஒரு பேப்பருக்கு 100 மார்க், இன்டெர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75. இன்டெர்னலுக்குன்னு தனியா பாஸ் மார்க் கிடையாது. எக்ஸ்டெர்னல்ல 75க்கு 30 எடுக்கணும், ரெண்டும் சேத்து 100க்கு 40 வரணும். இப்ப ஒரு பொண்ணு அசைன்மென்ட் வைக்கல, ஒரு டெஸ்ட்டுக்கு வரல, இன்டெர்னல் 7 போட்டுட்டாங்கன்னு வைங்க. எக்ஸ்டெர்னல்ல 32 எடுக்குறா. 30 தாண்டிட்டோம்னு நிம்மதியா இருப்பா, ஆனா கூட்டினா 39, ஃபெயில். அதே பொண்ணு இன்டெர்னல்ல 20 வச்சிருந்தா 52ல பாஸ். இன்டெர்னல் மார்க்க திரும்ப ஏத்துறதுக்கு பெரும்பாலும் வழி கிடையாது, அந்த 7 கடைசி வரைக்கும் 7 தான், ஒவ்வொரு தடவ அரியர் எழுதும்போதும் எக்ஸ்டெர்னல்ல 33 எடுத்தே ஆகணும். அதனால டெஸ்ட்டையும் அசைன்மென்ட்டையும் முதல் செமஸ்டர்லேர்ந்தே விடாம பண்ணச் சொல்லுங்க.

அட்டென்டன்ஸும் அப்படித்தான். 75 பர்சன்ட் வேணும். 65லேர்ந்து 74 வரைக்கும் இருந்தா ஃபைன் கட்டி கண்டொனேஷன், அதாவது விலக்கு அனுமதி, வாங்கி எழுதலாம். அதுக்கும் கீழ போனா அந்த செமஸ்டர் பரீட்சை எழுத விடமாட்டாங்க, 50க்கும் கீழ போயிட்டா அந்த செமஸ்டரையே திரும்ப படிக்கணும். வெளியூர் பொண்ணு, அடிக்கடி ஊருக்கு வந்து போற ஆளா இருந்தா இத முதல்லயே மனசுல வச்சுக்கணும்.

பழைய_துறைக்காரன்:
தம்பி, நான் ஒரு காலேஜ்ல இந்தப் பாடத்த ரொம்ப வருஷம் நடத்தி ரிட்டயர் ஆனவன். கிரெடிட் கணக்கு மேல அம்மா சொன்னது சரி. நான் பாடத்துக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன், உங்க அப்பா கேக்குற "அதுல என்ன படிப்பாங்க"ங்குற கேள்விக்கு அது பதிலா இருக்கும்.

தமிழ்நாட்டுல எந்த காலேஜ்ல சேர்ந்தாலும் அஞ்சாறு விஷயம் கட்டாயம் வரும். இந்தியத் தத்துவம், அதாவது சார்வாகம், சமணம், பௌத்தம், நியாயம், சாங்கியம், வேதாந்தம் வரைக்கும். மேற்கத்திய தத்துவம், கிரேக்கத்துல ஆரம்பிச்சு டெகார்ட், ஹியூம், கான்ட் வரைக்கும். எத்திக்ஸ். லாஜிக். மதத் தத்துவம். சமூக அரசியல் தத்துவம். அதுக்கு மேல நம்ம பக்கம் சைவ சித்தாந்தம், வைணவம், தற்கால இந்திய சிந்தனை எல்லாம் வரும். அலைடுல பல எடத்துல சைக்காலஜி இருக்கும்.

இதுல பசங்க எதிர்பாக்காத பேப்பர் லாஜிக். ஃபிலாசஃபின்னா வாழ்க்கையப் பத்தி நல்ல நல்ல கருத்து எழுதுறதுன்னு நெனச்சுட்டு வருவாங்க, முதல் வருஷமே ஒரு வாதம் செல்லுமா செல்லாதான்னு கணக்கு மாதிரி போட்டுக் காட்டுன்னு கேட்டா தெகச்சுப் போயிடுவாங்க. ஒரு உதாரணம் தர்றேன், தங்கச்சிகிட்ட காட்டுங்க. "மழை பெஞ்சா தரை நனையும். தரை நனைஞ்சிருக்கு. அதனால மழை பெஞ்சிருக்கு." கேக்கும்போது சரியாத்தான் தோணும். ஆனா செல்லாது, ஏன்னா லாரித் தண்ணி கொட்டியும் தரை நனைஞ்சிருக்கலாம். சிம்பாலிக் லாஜிக்ல, அதாவது வாதத்த குறியீடு வச்சு போடுற லாஜிக்ல, இத ட்ரூத் டேபிளா, உண்மை பொய் அட்டவணையா போடுவோம். "மழை பெஞ்சா தரை நனையும்"ங்குற வாக்கியம் நாலு நிலையில ஒரே ஒரு நிலையிலதான் பொய், மழை பெஞ்சும் தரை நனையாதப்ப மட்டும். மழையே பெய்யலன்னா அந்த வாக்கியம் உண்மைன்னே கணக்கு. இந்த எடத்துலதான் பசங்க வருஷா வருஷம் சண்டை போடுவாங்க, "அதெப்படி சார் மழையே பெய்யாதப்ப அது உண்மையாகும்"னு. அந்த சண்டை வர்ற கிளாஸ்தான் நல்ல கிளாஸ். கேட்டு சண்டை போட்டு புரிஞ்சுக்கிட்ட பிள்ளைக்கு அந்த பேப்பர்ல 75க்கு 65, 70 வரும், ஏன்னா கணக்கு மாதிரி முழு மார்க் போடலாம். மனப்பாடம் பண்ண பிள்ளைக்கு 30 வர்றதே பாடு. காமர்ஸ் படிச்ச பிள்ளைன்னா கணக்கு பயம் இருக்காது, அது அவளுக்கு நல்லது.

சமஸ்கிருதம் கட்டாயம் இல்ல. பிரமாணம் (அறியுற வழி), அனுமானம் (ஊகிச்சு அறியுறது), வியாப்தி (ரெண்டு எப்பவும் சேர்ந்தே இருக்குற தொடர்பு)ன்னு ஒரு அம்பது அறுபது சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சா பி.ஏ.க்கு போதும். ஆனா தமிழ் நல்லா தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லுவேன், காரணம் இருக்கு. நியாயத்துல வர்ற அஞ்சு உறுப்பு அனுமானம் இருக்கு பாருங்க, மலையில நெருப்பு உண்டு, புகை இருக்கிறதால, எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் நெருப்பு, அடுக்களைல மாதிரி, இந்த மலைலயும் புகை இருக்கு, அதனால இங்க நெருப்பு உண்டு. இது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்னு அப்படியே மணிமேகலை 29ஆம் காதைல அறவண அடிகள் வாயால வருது, போலி ஏதுக்கள் எத்தனை வகைங்குறது வரைக்கும் விரிவா வருது. சைவ சித்தாந்தத்துக்கு மூல நூலான மெய்கண்டார் சிவஞான போதம் 12 சூத்திரம்தான், ஆனா ஒவ்வொண்ணையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டுன்னு வாதமா கட்டியிருக்கார். தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு இதெல்லாம் மூலத்துலயே படிக்கிற பாக்கியம் இருக்கு, கான்ட்ட ஜெர்மன்ல நம்மால படிக்க முடியுமா? அதனால பார்ட் 1 தமிழ வெறும் 40 மார்க் பேப்பரா பாக்காதீங்க.

நேர்வழி_ராசா:
ஐயா, மரியாதையோட ஒரு கேள்வி. நீங்க சொல்றது பாடம். அவர் கேட்டது டிகிரி முடிக்க என்ன வேணும்னு. கைடு வாங்கி, அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பர் பாத்து, பார்ட் 3ல ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தவங்க நெறைய பேர எனக்குத் தெரியும். மூல நூல் ஒண்ணு கூட தொடாம முடிக்கலாம்ங்குறதுதானே உண்மை?

பழைய_துறைக்காரன்:
முடிக்கலாம் ராசா, மறைக்கல. எங்க காலத்து கொஸ்டின் பேப்பர் ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 5, பத்து மார்க் 3, மொத்தம் 75. கைடு படிச்சே 50 எடுக்கலாம். அதுக்கப்புறம் என்ன ஆகும்னும் பாத்துட்டேன். எம்.ஏ. இன்டர்வியூல "ஹியூம் காரண காரியத்த ஏன் மறுத்தார்"னு கேட்டா "ஹியூம் ஓர் அனுபவவாதி"ன்னு சொல்லிட்டு நிப்பாங்க. அடுத்த வரி வராது. காலேஜ் ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு யுஜிசி நெட்ல ஃபிலாசஃபி பேப்பர் எழுத உக்காந்தா கேள்வி எல்லாம் யாரு என்ன வாதத்த எந்த நூல்ல வச்சாங்கங்குறதுலயே இருக்கும், கைடுல அது கெடயாது. யுபிஎஸ்சி-க்கு ஃபிலாசஃபி ஆப்ஷனல் எடுத்தா ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 250, அங்கயும் அதே கதைதான். டிகிரிக்குத் தேவையானதும் டிகிரி வச்சு ஏதாவது பண்றதுக்குத் தேவையானதும் வேற வேற. தங்கச்சி ரெண்டையும் கேக்குற பிள்ளைன்னு நெனக்கிறேன், இல்லன்னா இந்தப் பாடத்துக்கு இவ்ளோ பிடிவாதம் பிடிக்காது.

வருஷத்துக்கு ஒரே ஒரு மூல நூல் போதும். முழுசா, மெதுவா, ஒரு நோட்டு போட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் "இவர் எதை நிறுவப் பாக்குறார், என்ன காரணம் சொல்றார்"னு ரெண்டே வரி எழுதிக்கிட்டு வந்தா போதும்.

டெல்லி_தமிழச்சி:
நான் டெல்லி யுனிவர்சிட்டில பி.ஏ. ஆனர்ஸ் ஃபிலாசஃபி. அங்க கணக்கே வேற. 2022லேர்ந்து நாலு வருஷ அமைப்பு, ஒரு வருஷத்துக்கு 44 கிரெடிட். மூணு வருஷம் முடிச்சு 132ல வெளிய வந்தாலும் டிகிரி உண்டு, நாலாவது வருஷமும் இருந்தா 176. அட்மிஷன் சியுஇடிங்குற பொது நுழைவுத் தேர்வு மார்க்ல. யுஜிசி சொன்ன பொது வரம்பு இத விட கம்மி, மூணு வருஷத்துக்கு 120, நாலு வருஷத்துக்கு 160, ஆராய்ச்சியோட ஆனர்ஸ் வேணும்னா முதல் ஆறு செமஸ்டர்ல 75 பர்சன்ட் இருக்கணும். ஃபிலாசஃபில மேல ஆராய்ச்சிக்குப் போகணும்ங்குற எண்ணம் தங்கச்சிக்கு இருந்தா இதையும் யோசிக்கலாம். தமிழ்நாட்டு ஸ்டேட் யுனிவர்சிட்டில மூணு வருஷம்தான், அதுக்கப்புறம் ரெண்டு வருஷ எம்.ஏ.

ஆனா ஒண்ணு, அங்க படிக்கிறது எழுதுறது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த பொண்ணுங்களுக்கு முதல் வருஷம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, கூட இருந்து பாத்திருக்கேன்.

யாழ்_மெய்யியல்:
அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில மெய்யியல் (நீங்கள் சொல்லுற ஃபிலாசஃபி) சிறப்புக் கலை, அதாவது ஆனர்ஸ், செய்தனான், இஞ்சத்தை நிலமையையும் சொல்லுறன். இலங்கையில பொதுக்கலை மூண்டு வருசம், 90 கிரெடிட். சிறப்புக் கலை எண்டா நாலு வருசம், 120 கிரெடிட், அதில ஆய்வுக் கட்டுரை ஒண்டு கட்டாயம் எழுத வேணும். நேர சிறப்புக்குப் போக ஏலாது, தொடக்கத்தில மெய்யியலோட வேற பாடங்களும் படிச்சு, அதில நல்ல பெறுபேறு எடுத்தாத்தான் சிறப்புக்கு எடுப்பினம்.

ஒரு நன்மை என்னெண்டா உயர்தரத்திலயே (உங்கட +2 மாதிரி) அளவையியலும் விஞ்ஞான முறையும் எண்டு ஒரு பாடம் இருக்கு, அளவையியல் எண்டா லாஜிக். அதை எடுத்திட்டு வந்த பிள்ளையளுக்கு கம்பசில அளவையியல் பயமே இல்லை. எடுக்காம வந்த ஆக்கள் முதல் வருசம் தனியா இருந்து படிக்க வேண்டி வந்தது. உங்கட தங்கச்சிக்கு காலேஜ் தொடங்க இன்னும் நாள் இருக்குத்தானே, அந்த உயர்தரப் பாடத்துக்குத் தமிழிலயே புத்தகங்கள் இருக்கு, யாரிட்டயும் கேட்டு ஒண்டை எடுத்து முதல் அரைவாசிய பார்க்கச் சொல்லுங்கோ. எடுப்பு (உண்மை, பொய் எண்டு சொல்லக்கூடிய கூற்று), நியாயத்தொடை (ரெண்டு எடுப்பில இருந்து முடிவு எடுக்கிற வாதம்) எல்லாம் வடிவா விளங்கும்.

அந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லு. நான் படிச்ச நாலு வருசத்தில எனக்கு உண்மையா மெய்யியல் விளங்கினது அதை எழுதேக்கதான். ஒரு கேள்விய நானே தெரிவு செய்து, அதுக்கு மறுப்பு என்ன வரும் எண்டு நானே யோசிச்சு, அதுக்கும் பதில் எழுதி, மேற்பார்வையாளர் வெட்டி வெட்டித் தர திரும்ப எழுதி. உங்கட பக்கம் பி.ஏ.யில புரொஜெக்ட் இருக்கிற கல்லூரி எண்டா அதையே தெரிவு செய்யுங்கோ.

வங்கி_வேலைக்காரி:
ஹாஸ்டல் செலவு யோசிக்கிறவங்களுக்கு ஒரு வழி. நான் வேலை பாத்துக்கிட்டே இக்னோல (தொலைநிலைக் கல்வி குடுக்குற திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. படிச்சேன். நான் சேர்ந்தப்ப அது பொது பி.ஏ., 132 கிரெடிட், அதுல ஃபிலாசஃபி ஒரு டிசிப்ளினா (பாடப்பிரிவா) எடுத்துக்க முடிஞ்சுது, கூட இன்னொரு டிசிப்ளினும் எடுக்கணும். குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். அசைன்மென்ட்டுக்கு 30 பர்சன்ட், பரீட்சைக்கு 70, ரெண்டுலயும் தனித்தனியா 35 எடுக்கணும். அசைன்மென்ட்ட தேதிக்குள்ள குடுத்துட்டு ரசீத பத்திரமா வச்சுக்கணும், ரிசல்ட்ல மார்க் ஏறாம போனா அந்த ரசீதுதான் கைகுடுக்கும். புத்தகம் நல்லா இருக்கும், நான் மனசார சொல்றேன். ஆனா பேச ஆள் இருக்காது. உலகம் வெறும் தோற்றம்னு சொல்ற மாயாவாதம் படிச்சிட்டு எனக்கு வந்த சந்தேகத்த கேக்க ஒருத்தரும் இல்லாம அப்படியே பரீட்சை எழுதினேன். 17 வயசு பிள்ளை, வாதம் பண்ண ஆசைப்படுற பிள்ளைன்னா நேர்ல போய் படிக்கட்டும், அவ வயசுல எனக்கு அந்த வாய்ப்பு கிடைச்சிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன்.

கோவில்பட்டி_அண்ணன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த இழைய அப்பாவுக்கு முழுசா படிச்சுக் காட்டினேன். ட்ரூத் டேபிள் எடத்துல நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவ கேட்டார், தங்கச்சி பேப்பர்ல போட்டுக் காட்டினா. இன்னும் முழு சம்மதம் சொல்லல, ஆனா "வேலைக்கு என்ன"ங்குறதுதான் இப்ப அவர் கேக்குற ஒரே கேள்வி. அப்புறம் சென்னைல பொண்ணுங்க சேர்ற மாதிரி எந்த காலேஜ்? தங்கச்சி தனியா ஒண்ணு கேக்கச் சொல்றா, சமஸ்கிருதம் கட்டாயம் இல்லன்னாலும் அவளுக்கு கத்துக்க ஆசை, பார்ட் 1ல தமிழுக்கு பதிலா சமஸ்கிருதம் எடுக்கலாமான்னு.

மயிலை_வாசகி:
மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, ரெண்டுலயும் பொண்ணுங்க சேரலாம். மாநிலக் கல்லூரி அரசு காலேஜ், அப்ளிகேஷன் மத்த அரசு கலைக்கல்லூரிக்குப் போடுற அதே ஆன்லைன் போர்ட்டல்ல போடணும், தேதி தவற விட்டுடாதீங்க. தாம்பரத்துக்கு அவங்க காலேஜ் சைட்ல தனியா போடணும். ரெண்டுமே அட்டானமஸ், சிலபஸ் அவங்கவங்க போடுறது, அதனால நான் மேல சொன்ன மார்க் கணக்கு அங்க கொஞ்சம் வேறயா இருக்கலாம், சேரும்போது குடுக்குற ஹேண்ட்புக்ல ரெகுலேஷன் பக்கத்த முதல்ல படிக்கச் சொல்லுங்க.

வேலை பத்தி அப்பாகிட்ட நேரா சொல்லுங்க. பி.ஏ. ஃபிலாசஃபின்னு பாத்து கூப்பிட்டு வேலை குடுக்குற கம்பெனி கிடையாது. ஸ்டேட் போர்டு ஸ்கூல்ல இந்தப் பேர்ல பாடமும் இல்ல, அதனால டீச்சர் வேலைங்குற வழியும் மத்த மேஜர் மாதிரி நேரா இருக்காது. ஆனா ஏதாவது ஒரு டிகிரி இருந்தா எழுதலாம்னு இருக்குற பரீட்சை எல்லாத்துக்கும் இதுவும் டிகிரிதான், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2, பேங்க், யுபிஎஸ்சி எல்லாம். யுபிஎஸ்சி மெயின்ஸ்ல எத்திக்ஸ்னு 250 மார்க்குக்கு ஒரு பேப்பரே இருக்கு. நான் படிச்சிட்டு ஒரு பதிப்பகத்துல எடிட்டரா சேர்ந்தேன், இன்னைக்கும் ஒரு கட்டுரைல வாதம் எங்க ஓட்டையா இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு.

பழைய_துறைக்காரன்:
மொழி கேள்விக்கு நான் சொல்றேன். பார்ட் 1ல சமஸ்கிருதம் எடுக்கலாம், காலேஜ்ல அந்த மொழி இருந்தா. ஆனா ஸ்கூல்ல தமிழ் படிச்ச பிள்ளை பார்ட் 1ல வேற மொழி எடுத்தா, பார்ட் 4ல நான் மேஜர் எலெக்டிவ் எடுக்குற எடத்துல அட்வான்ஸ்டு தமிழ் எழுதியாகணும். அது ரெண்டு பேப்பர், விட்டுட்டா டிகிரி நிக்கும். இது தெரியாம கடைசி வருஷத்துல ஆபீஸ்ல வந்து அழுத பிள்ளைங்கள பாத்திருக்கேன். ஆசை இருந்தா எடுக்கட்டும், தப்பே இல்ல, ஆனா இத தெரிஞ்சே எடுக்கட்டும். என் யோசனை கேட்டா பார்ட் 1 தமிழாவே இருக்கட்டும், சமஸ்கிருதத்த காலேஜ் முடிஞ்ச சாயங்காலத்துல தனியா கத்துக்கட்டும், சென்னைல அதுக்கு எடம் நெறைய இருக்கு. தமிழ் பாட வேளைல சிவஞான போதத்தோட முதல் சூத்திரம், "அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்", அத எடுத்துட்டுப் போய் தமிழ் டிபார்ட்மென்ட்ல ஒருத்தர்கிட்ட உரை கேக்கட்டும், அப்புறம் எங்க டிபார்ட்மென்ட்ல வந்து அதே சூத்திரத்துக்கு வாதம் கேக்கட்டும்.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு காலேஜ் சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மூணு விஷயம் மட்டும் பாருங்க. சிம்பாலிக் லாஜிக் கோரா எலெக்டிவா. கடைசி வருஷத்துல புரொஜெக்ட் உண்டா. பரீட்சைய தமிழ்ல எழுத விடுவாங்களா. மூணாவது கேள்விய ஆபீஸ்ல கேக்காதீங்க, டிபார்ட்மென்ட் ஹெச்ஓடி-ய நேர்ல பாத்து கேளுங்க, அவங்களுக்குத்தான் சரியா தெரியும். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க, ஃபிலாசஃபி கேட்டு வர்ற பிள்ளைய நிக்க வச்சு அனுப்புற டிபார்ட்மென்ட் எதையும் நான் பாத்ததில்ல.

கோவில்பட்டி_அண்ணன்:
சரிங்க ஐயா, அப்ளிகேஷன் ரெண்டு எடத்துக்கும் போட்டுடுறேன், வர்ற வாரம் லீவு சொல்லிட்டு ரெண்டு பேரும் ட்ரெயின்ல கிளம்புறோம். அப்பாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். ஹெச்ஓடி என்ன சொன்னாங்கன்னு வந்து இங்கயே எழுதுறேன். யாழ்ப்பாணத்து தம்பி சொன்ன அந்த அளவையியல் புத்தகம் பிடிஎஃப்பா எங்கயாவது இருந்தா யாராவது சொல்லுங்க.

யாழ்_மெய்யியல்:
நூலகம் எண்டு இணையத்தில ஈழத்து நூல்களைச் சேர்த்து வைச்சிருக்கினம், இலவசம். அதில "அளவையியல்" எண்டு தேடினா பழைய பாடநூல்கள் வரும். எடுப்பு பற்றின அதிகாரத்தில தொடங்கச் சொல்லுங்கோ, விளங்காட்டி இதிலயே கேக்கட்டும், நான் பார்ப்பன்.